ராசிக்காரி வாய் வைத்த நாடா

அத்தியாயம் பன்னிரண்டு

மில் தெருவில் அவளுக்கு 'மூக்கு' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். நேரே பார்த்தால் 'இன்ஸ்பெக்டரம்மா'தான். நகரசபை சுகாதார இலாகாவில் வேலைக்கு வந்த முதல் பெண் அவள். எந்தச் சாக்கடை எங்கே நாறினாலும் அங்கே அவளுடைய சைக்கிள் வந்து நின்றுவிடும் என்பதால் வந்த பெயர் அது. அவளுக்கும் தெரியும். "இருக்கற மூக்கைத்தானே சொல்றாங்க, இல்லாததையா சொல்றாங்க" என்று விட்டுவிடுவாள்.

அந்த மூக்குதான் சில வாரங்களாக உடைபட்டுக் கிடந்தது.

நெசவு மில்லின் தறிக்கொட்டகையில் புதிதாகச் சேரும் பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகத் தொண்டை அடைப்பான் கண்டு விழுந்ததைப் பார்த்தோம். முதல் இரண்டு பேர் எப்படியோ பிழைத்து, போதும் சாமி என்று ஊர் போய்ச் சேர்ந்தார்கள். மூன்றாமவள் காய்ச்சல் ஆஸ்பத்திரியில் இன்னும் படுத்திருக்கிறாள். இவள் சும்மா இருக்கவில்லை. சாக்கடையைத் தேய்த்துக் கழுவ வைத்தாள். தண்ணீர்ப் பீப்பாயில் சங்கிலி போட்டுத் தொங்கிய ஒற்றைத் தகரக் குவளையைப் பிடுங்கி எறிந்தாள். ஆணியடித்து மூடியிருந்த ஜன்னல்களை, மேனேஜர் பல்லைக் கடிக்கக் கடிக்க, திறக்க வைத்தாள். நோய் அசையவில்லை. மேனேஜர் மட்டும் நன்றாகச் சிரித்தார்.

கடைசியில் நகரசபை டாக்டரையே அழைத்து வந்து, கொட்டகையில் இருந்த அத்தனை பேர் தொண்டையிலும் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுத் துடைத்தெடுத்தாள். பெண்கள் பயந்தார்கள். அதனால் முதலில் தன் வாயைத் திறந்து காட்டினாள். அந்தச் சோதனையின் முடிவு இன்று காலையில் வந்தது.

டாக்டர் பூதக்கண்ணாடிக் குழாயை விட்டு எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். நீல மையில் தோய்ந்த கிருமிகள், குட்டிக் குட்டிக் குச்சிகளாக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. இத்தனை நாள் அவளை அலைக்கழித்தது இதுதான்.

"யாரோடது இது?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"மத்த எல்லாமே சுத்தம். உங்களுது, மேஸ்திரியோடது, எல்லாம். இது ஒண்ணுதான். உங்க அக்காவோடது."

அவள் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் டாக்டர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"அவளுக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாதே, டாக்டர். கல்லைத் தின்னாலும் செரிக்கற உடம்பு."

"அதான் சங்கடமே. சில பேர் தொண்டையிலே இது வாடகை குடுக்காம குடியிருக்கும். அவங்களை ஒண்ணும் செய்யாது. அடுத்தவங்களுக்குப் போச்சுன்னா விடாது. ஆனா எனக்கு ஒண்ணு பிடிபடலே. வீட்டுலே உங்களுக்கு வரலே, பக்கத்துத் தறிக்காரிங்களுக்கு வரலே. புதுசா வந்தவங்களைத் தேடிப் பிடிச்சு மட்டும் ஏன் வருது?"

"நாங்கெல்லாம் இந்தத் தெரு ஆளுங்க. சின்ன வயசுலேயே ஆளுக்கு ஒரு தடவை வந்து போயிருக்கு. புதுசா வர்றதெல்லாம் ஆளரவமில்லாத தோட்டத்துப் பக்கத்துப் பொண்ணுங்க. அவங்க தொண்டைக்கு இது புதுசு."

"அது சரி. போன வழி எது? உங்க அக்கா வாயிலேர்ந்து அந்தப் பொண்ணுங்க வாய்க்கு எப்படிப் போச்சு?"

அவள் நிமிர்ந்தாள். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது கண்ணில் படுவதே இல்லை. இப்போது பட்டது.

"நாடா" என்றாள்.

தறி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல்களுக்கு நடுவே இப்படியும் அப்படியும் பாய்ந்து ஓடும் படகு போன்ற மரக்கட்டைதான் நாடா. அதன் வயிற்றில் நூல் சுற்றிய தார் இருக்கும். நூல் தீரத் தீரப் புதுத் தார் போட வேண்டும். போட்டதும் அதன் நுனியைப் பக்கத்திலுள்ள பொடித் துளை வழியாக வெளியே இழுக்க வேண்டும். கையால் இழுப்பதென்றால் பொறுமை வேண்டும், மில்லில் பொறுமைக்கு நேரம் கிடையாது. துளையில் உதட்டை வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சினால் நூல் நாக்குக்கு வந்துவிடும். நாள் முழுக்க எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

அதிலும் அக்கா இருக்கிறாளே, அவள் கெட்டிக்காரி. எத்தனை முரண்டு பிடிக்கும் நூலும் அவள் உறிஞ்சினால் ஒரே மூச்சில் வந்துவிடும். அவள் துணியில் அறுந்த இழை பார்க்க முடியாது. அதனால் அவளுக்கு ராசிக்காரி என்று பேர் விழுந்து, கொட்டகையில் ஒரு வழக்கமும் வந்துவிட்டது. புதிதாகத் தறியில் நிற்பவளுக்கு முதல் நாடாவை ராசிக்காரிதான் வாய் வைத்து நூல் எடுத்துக் கொடுக்க வேண்டும். வாங்கினவள் உடனே அதே துளையில் தானும் ஒரு முறை வாய் வைக்க வேண்டும். ராசி ஒட்டிக்கொள்ளுமாம்.

ஒட்டிக்கொண்டது என்னவென்று இப்போது தெரிந்துவிட்டது.

"இன்னிக்கு ஒருத்தி புதுசா சேர்றா, டாக்டர். காலையிலே சாப்பிடறப்போ அக்காதான் சொன்னா."

"நான் வேற யாரையாவது அனுப்பட்டுமா? உங்க சொந்த அக்கா…"

"சொந்த அக்காங்கறதாலேதான் நான் போறேன்" என்று அவள் சைக்கிளை நோக்கி ஓடினாள்.

அம்மா போனபோது அவளுக்கு விவரம் தெரியாத வயது. அக்கா பதினாறு வயதில் தறியில் நின்று, தங்கையைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். கல்யாணம் பேச வந்த தறிக்கொட்டகை மேஸ்திரியிடம் அக்கா போட்ட ஒரே நிபந்தனை, "என் தங்கச்சியும் கூட வருவா, படிப்பா" என்பதுதான். மேஸ்திரி நல்ல மனுஷன், சரி என்றார். இன்றைக்கும் மூன்று பேரும் ஒரே வீடு. சுகாதாரப் பரீட்சையில் இவள் தேறியபோது அக்கா வாயெல்லாம் பல்லாகத் தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொன்னாள். அந்த வாயைத்தான் இப்போது மூடச் சொல்ல வேண்டும். மேட்டில் சைக்கிளை மிதிக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேயும் வேகமாகத்தான் மிதித்தாள்.

தறிக்கொட்டகைக் கதவைத் திறந்தால் சத்தம் நெஞ்சில் வந்து இடிக்கும். நூற்றுக்கணக்கான தறிகள், தலைக்கு மேலே சுழலும் இரும்புத் தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு தறிக்கும் இறங்கும் தோல் பட்டைகள். காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். இந்தக் கோடியில் ஒருத்தி உதட்டை அசைத்தால் அந்தக் கோடியில் ஒருத்தி பதில் சொல்லுவாள். சின்ன வயதில் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொண்டுவந்து தங்கைக்கும் அந்தப் பேச்சு தண்ணீர் பட்ட பாடு.

வரிசையின் நடுவில் அக்கா நின்றிருந்தாள். பக்கத்தில் புதுப்பெண், கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்பது போலப் பயபக்தியோடு. அக்கா தாரைப் போட்டுவிட்டாள். நாடாவை வாய்க்குக் கொண்டுபோகிறாள்.

எட்டிப் பிடிக்கும் தூரம் இல்லை. தங்கை இரண்டு கையையும் மேலே தூக்கி வீசினாள். அக்கா பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள்.

'வாய் வைக்காதே' என்றாள் தங்கை, உதட்டை மட்டும் அசைத்து.

'ஏன்?' என்றது அக்காவின் உதடு. நாடா இன்னும் உயரத்தில்தான் இருந்தது.

'நோய் உன் தொண்டையிலதான் இருக்கு. நீ குடுத்த நாடாவிலதான் போயிருக்கு.'

சொல்லி முடித்தபிறகுதான் செய்த காரியம் உறைத்தது. வேறு எந்த இடமாக இருந்தாலும் ஓசையில்லாமல் சொன்னது ரகசியம். அந்தக் கொட்டகையில் அதைவிட உரக்கச் சொல்ல முடியாது. வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் அவள் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை வீசியதே அவள்தானே.

ஒருத்தி திரும்பி அக்காவைப் பார்த்தாள். பிறகு இன்னொருத்தி. புதுப்பெண்ணுக்கு உதட்டுப் பேச்சு புரியாது. எல்லாரும் பார்ப்பதைப் பார்த்து அவளும் பார்த்தாள். அக்கா நாடாவை மெதுவாகத் தறி மேல் வைத்தாள். நெருப்பை வைப்பது போல வைத்தாள்.

மேனேஜரின் அறை கொட்டகைக்கு மேலே, மூன்று பக்கமும் கண்ணாடி போட்டு, எல்லாத் தறியும் தெரியும்படி கட்டியிருந்தது. அக்கா, தங்கை, மேஸ்திரி மூன்று பேரையும் அங்கே வரவழைத்தார். கதவை மூடினால் சத்தம் பாதியாகும், பேசலாம்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. மனுஷன் அதை மறைக்கக்கூட இல்லை.

"அப்போ சாக்கடை இல்லே, ஜன்னல் இல்லே, நாடாவும் இல்லே. இந்தம்மாவோட வாய். அவ்வளவுதானே? இவளை அனுப்பிட்டாத் தீர்ந்தது."

"தீராது, சார்" என்றாள் தங்கை. "நாளைக்கு வேற ஒருத்தி தொண்டையிலே வரும். இருமல்காரி ஒருத்தி வருவா. வாய் வைக்கற நாடா இருக்கற வரைக்கும் இது போகாது. கையாலேயே நூல் கோக்கற மாதிரி துளைக்குப் பக்கத்துலே வெட்டு விட்ட நாடா இப்போ வந்திருக்கு. அதுக்கு மாத்துங்க."

"அத்தனை நாடாவையுமா? எதுக்கு? புதுசா வர்றவ ஒருத்தி போனா இன்னொருத்தி வர்றா. ஊர்லே பொண்ணுங்களுக்கா பஞ்சம்?"

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். கண்ணாடிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார், அப்புறம் மேனேஜரைப் பார்த்தார். "சார், கொஞ்சம் திரும்பி நின்னு பேசுங்க" என்றார்.

"ஏன்?"

கீழே ஒரு தறி நின்றது. அடுத்தது நின்றது. வரிசை வரிசையாகக் கைப்பிடியை இழுத்து நிறுத்தினார்கள். அறையின் கண்ணாடி அதிர்வது அடங்கி, மேனேஜருக்குத் தன் கடிகாரம் ஓடுவதே கேட்டது. கீழே எல்லா முகமும் மேல்நோக்கி, அவர் உதட்டையே பார்த்தபடி இருந்தது. இத்தனை வருஷம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அவர் என்னென்ன பேசியிருப்பார் என்று நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

நான்கு பேரும் கீழே இறங்கினார்கள்.

மேனேஜர் குரலை மாற்றிக்கொண்டார். "சட்டப்படி பேசுவோம், இன்ஸ்பெக்டரம்மா. நாடாவை மாத்தச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் உண்டா?"

"இல்லே" என்றாள். பொய் சொல்லி ஜெயிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. "ஆனா நோய் பட்ட சாமானைக் கொதிக்கற தண்ணியிலே போட அதிகாரம் இருக்கு. அதை இப்பவே செய்யப்போறேன்."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்து, மீசைக்குள் அடக்கிக்கொண்டார். கொதிநீரில் போட்ட நாடா முறுக்கிக்கொண்டுவிடும். அப்புறம் அது அடுப்புக்குத்தான் ஆகும். எல்லாவற்றையும் வேகவைத்தால் எல்லாவற்றையும் புதிதாக வாங்கியாக வேண்டும். எப்படியும் வாங்கப்போகிறவர் வெட்டு விட்டதாக வாங்கிவிட்டுப் போகிறார்.

மேனேஜரும் இதில் சளைத்தவர் இல்லை. "நோய் பட்ட சாமான், அப்படித்தானே? தாராளமா. இவ தறி நாடாவையும், நோய் வந்த பொண்ணுங்க நாடாவையும் எடுத்துக்குங்க. மத்ததுலே இவ வாய் பட்டதுன்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்க பாத்தீங்களா?"

தங்கை அதைப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட முடியாது.

மேனேஜர் அக்கா பக்கம் திரும்பினார். இப்போது தேனாகப் பேசினார்.

"நீயே சொல்லும்மா. நல்லா யோசிச்சுச் சொல்லு. அந்த நாலஞ்சு நாடா மட்டும்தான்னா, ஒண்ணும் பிரச்சினை இல்லே. சொஸ்தமாகிட்டு வா, உன் தறி உனக்குத்தான். இல்லே, எல்லாத்துலயும் வாயை வெச்சேன்னு சொன்னியானா, இத்தனை பேருக்கும் நோயைப் பரப்பினவளை மறுபடி வாசப்படி மிதிக்க விட மாட்டேன். உன் புருஷனே வந்து கேட்டாலும் விட மாட்டேன்."

அக்கா புருஷனைப் பார்த்தாள். அவர் இருபது வருஷமாக மேனேஜர் சொல்லுக்கு மறு சொல் சொல்லாதவர்.

"உண்மையைச் சொல்லு" என்றார் மேஸ்திரி. "அப்புறம் நடக்கறது நடக்கட்டும், நான் இருக்கேன்."

தங்கை வாயைத் திறந்தாள். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். "நீ பேசினது போதும்டி, இன்னிக்கு" என்றாள்.

அவள் வரிசைப் பக்கம் திரும்பி நின்றாள். உதட்டால் சொல்லியிருந்தாலே புரிந்திருக்கும். ஆனால் அவள் தொண்டையைத் திறந்து, எல்லாக் கோடிக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எல்லாத்துலயும் வெச்சிருக்கேன். நூல் வரலேன்னு யார் கூப்பிட்டாலும் ஓடுவேன், உங்களுக்கே தெரியும். இந்த வரிசையிலே என் வாய் படாத நாடா கிடையாது. அந்த வரிசையிலேயும் கிடையாது. கெட்டிக்காரின்னு நீங்க சொல்லச் சொல்ல எனக்குப் பெருமையா இருந்துச்சு. அதனாலேயே கூப்பிடாத இடத்துக்கும் போனேன். மூணு பொண்ணுங்களுக்கு நான்தான் குடுத்திருக்கேன். தெரியாமத்தான் குடுத்தேன், ஆனா குடுத்தது நான்தான்."

பழைய தறிக்காரி ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மேஸ்திரி பெரிய தார்க்கூடை ஒன்றைக் காலி செய்து எடுத்துக்கொண்டு, முதல் தறியிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொருத்தியும் தன் நாடாவைத் தானே எடுத்துக் கூடையில் போட்டாள். புதுப்பெண்ணும் போட்டாள். மேனேஜர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாடி ஏறிப் போனார். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

தொண்டை சுத்தமாகும்வரை அக்கா தனியே இருக்க வேண்டிய காய்ச்சல் ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே. மூடின குதிரை வண்டியில் அக்காவும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். தங்கைக்கு வாய் திறக்கப் பயமாக இருந்தது. மில் மேனேஜரிடம் வராத பயம்.

"கொட்டகையிலே வெச்சு அப்படிச் சொல்லுவியாடி?" என்றாள் அக்கா. "உனக்கு எதுக்குப் படிப்பு?"

"தப்புதான் அக்கா. நாடா உன் வாய்க்கிட்டப் போயிடுச்சு. எனக்கு வேற எதுவும் தோணலே."

"நல்ல வேளை படலே. அந்தப் பொண்ணு கண்ணைப் பாத்தியா, நான் என்னமோ வரம் குடுக்கப்போறேன்னு நின்னா." அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "என் தறி போச்சு."

"போகலே. நான் விட மாட்டேன். உன் தொண்டை சுத்தமாகட்டும், அப்புறம் அந்த மனுஷனை நான் பாத்துக்கறேன். அவன் கக்கூஸைப் பத்தி நான் இன்னும் எழுதவே ஆரம்பிக்கலே."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். தங்கைக்கு உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில் தொண்டை அடைப்பானுக்குப் பெண்கள் வார்டு ஒன்றே ஒன்று. நர்ஸ் கதவைத் திறந்து, ஜன்னலோரத்தில் இருந்த காலிக் கட்டிலைக் காட்டினாள். அதற்குப் பக்கத்துக் கட்டிலில், மூன்று தலையணை முட்டுக்கொடுத்து, அந்த மூன்றாமவள் சாய்ந்திருந்தாள். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வாய் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

தங்கை அக்காவின் கையைப் பிடித்தாள். "வேற ரூம் கேக்கறேன். இல்லேன்னா நான் முதல்லே போய் அவகிட்டே பக்குவமாச் சொல்லிடறேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"உன் பக்குவம்தான் காலையிலே பாத்தேனே" என்று அக்கா கையை விடுவித்துக்கொண்டாள். "நான் குடுத்தது. நானே சொல்றேன்."

அந்தப் பெண் தலையைத் திருப்பினாள். வந்திருப்பது யாரென்று தெரிந்ததும் முகமெல்லாம் வெளிச்சமாகிவிட்டது. இத்தனை நாளில் அவளைப் பார்க்க மில்லிலிருந்து ஒருத்தரும் வந்ததில்லை.

"அக்கா" என்றாள், கரகரவென்று, காற்றே பாதியாக வந்த குரலில். "என்னைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

அக்கா காலிக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "இல்லேம்மா" என்றாள்.